'அவருக்குப் பிறகு': குழந்தையும் சட்டத்தின் 'நலனும்'

'கஸ்டடி' என்கிற சொல்லைத் தமிழில் நாம் இரண்டு இடங்களில் கேட்கிறோம். ஒன்று காவல் நிலையம். இன்னொன்று குடும்ப நீதிமன்றம். முதலாவதில் வைக்கப்படுபவர் குற்றஞ்சாட்டப்பட்டவர், இரண்டாவதில் குழந்தை. ஏதோ சொல் ஒற்றுமை என்று இதை விட்டுவிட முடியவில்லை. வக்கீல்கள் 'கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் ஆக்ட்' என்று சொல்கிற 1890ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 25ஆம் பிரிவு, காப்பாளரிடமிருந்து விலகிப்போன அல்லது விலக்கிக் கொண்டுபோகப்பட்ட குழந்தையைத் திரும்ப ஒப்படைக்க ஆணையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்குத் தருகிறது. ஆணையை நிறைவேற்றும் பொருட்டுக் குழந்தையைக் கைது செய்யலாம் என்றும் சொல்கிறது. ஆமாம், கைது என்றேதான் சட்டத்தில் இருக்கிறது.

ஆட்கொணர்வு மனு என்றதும் நம் தோழர்களுக்கு நினைவுக்கு வருவது போலீஸ் தூக்கிக்கொண்டு போய்க் கணக்கில் காட்டாமல் வைத்திருக்கிற இளைஞர்கள். அதே மனுவைத்தான் மனைவியின் மீது கணவனும், கணவனின் மீது மனைவியும், மாமனார் மாமியார் மீது மருமகளும் உயர்நீதிமன்றத்தில் போடுகிறார்கள். குடும்ப நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுக்கும். இங்கே சில வாரங்களில் குழந்தை நீதிபதியின் முன் வந்து நின்றுவிடும் என்பது கணக்கு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவர் குழந்தையை வைத்திருந்தால் மட்டுமே இந்த மனு செல்லும், மற்றபடி 1890 சட்டத்தின் கீழ் விசாரணை நடந்தாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2019இல் வரையறுத்தது. வரையறை இருந்தாலும் மனுக்கள் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிரிந்த பின் குழந்தை யாரிடம் இருப்பது? இந்தக் கேள்விக்கு எல்லா நீதிமன்றங்களும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன: தகப்பனின் உரிமையும் பெரிதல்ல, தாயின் உரிமையும் பெரிதல்ல, குழந்தையின் நலனே தலையாயது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு கிறித்தவத் தம்பதியின் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுச் சாமானுமல்ல என்று உச்சநீதிமன்றம் சொன்னது. யார் மறுக்க முடியும்? ஆனால் யாராலும் மறுக்க முடியாத வாக்கியங்களிடம்தான் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. 'நலன்' என்பது உள்ளே ஏதும் இல்லாத பாத்திரம். காலத்துக்குக் காலம், நீதிபதிக்கு நீதிபதி, அதில் ஊற்றப்படுவது மாறுகிறது. ஊற்றுபவரின் கை மட்டும் பார்வைக்குத் தெரிவதில்லை.

அன்னி பெசன்ட் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் அவரைத் தன்னாட்சி இயக்கத்தோடும் பிரம்மஞான சபையோடும் முடிச்சுப் போட்டு நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன்னால் அவர் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய். 1873இல் ஆங்கிலிக்கன் பாதிரியாரான கணவரைப் பிரிந்தார். ஒப்பந்தப்படி மகன் தகப்பனிடம், மகள் மேபல் தாயிடம். 1877இல் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து கர்ப்பத்தடை பற்றிய ஒரு சிறு பிரசுரத்தை மறுபதிப்புச் செய்ததற்காக வழக்கைச் சந்தித்தார். மறு வருஷமே, 1878இல், இங்கிலாந்து நீதிமன்றம் மேபலைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டது. காரணம், தாய் கடவுளை மறுக்கிறவர், அப்படிப்பட்ட பிரசுரத்தை வெளியிட்டவர். இவரிடம் வளரும் பெண்ணோடு கௌரவமான பெண்கள் பழகமாட்டார்கள். தன் வழக்கைத் தானே வாதாடினார் என்பதும் நீதிபதிக்கு உவப்பாக இல்லை. ஆக, 'குழந்தையின் நன்மை' என்ற பாத்திரத்தில் அன்று ஊற்றப்பட்டது விக்டோரியா காலத்துக் கௌரவமும் மதமும்.

முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே பெசன்ட் சென்னையில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அடையாறில் பிரம்மஞான சபையில் வேலை பார்த்துவந்த நாராயணய்யா, மனைவியை இழந்தவர், தன் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் 1910இல் எழுத்து மூலமாகப் பெசன்ட்டின் காப்பில் விட்டார். பிறகு மனம் மாறி, 1912இல் மகன்களைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி அய்யர். பெசன்ட் இங்கேயும் தானே வாதாடினார். 1913இல் சென்னை உயர்நீதிமன்றம் பையன்களைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னது. 1914இல் லண்டனில் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. பையன்கள் இங்கிலாந்தில் இருக்கும்போது இங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் ஏது என்பது ஒரு காரணம். மற்றது நமக்கு முக்கியம்: வளர்ந்துவிட்ட அந்தப் பையன்களின் தரப்பை வழக்கில் யாரும் முன்வைக்கவில்லை, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவே இல்லை. இத்தனைக்கும் மூத்தவனுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். ஒரு தகப்பன், ஒரு பெண்மணி, ஒரு சபை, ஓர் உலக குரு பற்றிய கனவு இத்தனையும் சேர்ந்து நடத்திய வழக்கில் பையன்கள் எங்கே இருந்தார்கள் என்பதைத் தேட வேண்டியிருந்தது. தகப்பனின் காப்புரிமை ஒரு நம்பிக்கைப் பொறுப்பு, அதை அவர் ஒருவரிடம் ஒப்படைத்தாலும் திரும்பப் பெறலாம் என்ற விதியும் இந்தத் தீர்ப்பிலிருந்தே வருகிறது. இன்றும் வழக்குகளில் எடுத்துக் காட்டப்படுகிறது.

இனி 1956க்கு வருவோம். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு: குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தகப்பன்; 'அவருக்குப் பிறகு' தாய். அதே பிரிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு வரிசையைத் தலைகீழாக்குகிறது: முதலில் தாய், அவளுக்குப் பிறகு தகப்பன். இயற்கை என்பது தாலியைப் பார்த்து முறை மாறுகிற இயற்கையாக இருக்கிறது! துறவறம் பூண்டவரும் மதம் மாறியவரும் இயற்கைக் காப்பாளராக முடியாது என்றும் ஒரு விதி. இதே சட்டத்தின் 13ஆம் பிரிவில்தான் 'நலனே தலையாயது' வருகிறது. அதாவது முதலில் தகப்பனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பிறகு நாற்காலி யாருக்கும் சொந்தமில்லை என்று அறிவிக்கிறார்கள்.

கார்டியன் என்பது வேறு, கஸ்டடி என்பது வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குழந்தையின் பேரில் கையெழுத்துப் போடுகிறவர், சொத்தைப் பார்க்கிறவர், எந்தப் பள்ளி என்று தீர்மானிக்கிறவர் கார்டியன். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ராத்திரி ஜுரம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரிடம் இருப்பது கஸ்டடி. ஐந்து வயது முடியாத குழந்தை 'சாதாரணமாக'த் தாயிடம் இருக்கும் என்று 6ஆம் பிரிவு சொல்வது கஸ்டடியைத்தான். முஸ்லிம் தனிச்சட்டத்தில் ஹனஃபி பிரிவினருக்கு ஆண் குழந்தை ஏழு வயது வரை, பெண் குழந்தை பூப்படையும் வரை தாயிடம். அங்கும் காப்பாளர் தகப்பனே. மதங்கள் எதில் வேறுபட்டாலும் இந்த வேலைப் பிரிவினையில் வேறுபடவில்லை: அவளுக்கு உழைப்பு, அவனுக்குக் கையெழுத்து.

இந்தக் கையெழுத்தை எதிர்த்துத்தான் நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் போனார். 1984இல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரங்களுக்கு விண்ணப்பித்தார். கணவரும் சம்மதித்து, தாயே காப்பாளர் என்றுதான் எழுதியிருந்தார்கள். தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. 1999 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 'அவருக்குப் பிறகு' என்பதற்கு 'அவர் இறந்த பிறகு' என்று பொருளல்ல, 'அவர் இல்லாதபோது' என்றே பொருள். தகப்பன் அக்கறை இல்லாதவராக இருந்தாலும், இருவரும் பேசி முடிவு செய்திருந்தாலும், அது 'இல்லாதபோது'தான். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் பிரிவு ரத்தாகவில்லை. சொல்லுக்குப் புதுப்பொருள் சொல்லி, பழைய பிரதியை அப்படியே காப்பாற்றிவிட்டார்கள். தாய் காப்பாளராக வேண்டுமானால் தகப்பன் ஏதோவொரு வகையில் 'இல்லாமல்' இருக்க வேண்டும். தகப்பன் காப்பாளராகத் தாய் இல்லாமல் போக வேண்டியதில்லை. 2015இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில் இருவரையும் சமமான காப்பாளர்களாக ஆக்கச் சொன்னது. 6ஆம் பிரிவு இன்னும் திருத்தப்படவில்லை.

நலனை நீதிபதி எப்படி அளக்கிறார்? 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. குழந்தையின் வயது, பால், மதம். கேட்பவரின் குணம், தகுதி, உறவு நெருக்கம். குழந்தையோடு அவருக்கு இதுவரை இருந்துவந்த உறவு. புத்தியோடு விருப்பத்தைச் சொல்லும் வயதாக இருந்தால் நீதிமன்றம் அந்த விருப்பத்தையும் கருத்தில் கொள்ளலாம். கொள்ள 'வேண்டும்' இல்லை, கொள்ள'லாம்'. 10ஆம் பிரிவின்படி மனுவில் என்னென்ன எழுத வேண்டும் என்று பாருங்கள்: குழந்தையின் பெயர், பால், மதம், பிறந்த தேதி, வசிக்குமிடம், சொத்து இருந்தால் அதன் தன்மையும் மதிப்பும். பெண் குழந்தையானால், மணமானவளா, கணவன் பெயரென்ன, வயதென்ன. யாருடன் தூங்கிப் பழக்கம், எந்தப் பள்ளி, எந்தத் தோழி என்பதற்கு அங்கே இடமில்லை. ஜமீன் வாரிசுகளின் சொத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு நூற்றாண்டின் படிவம் அது. அதை வைத்துக்கொண்டு வாடகை வீட்டுக் குழந்தைகளின் வாழ்க்கையைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலில் 'குணம்' என்று இருக்கிறதல்லவா, சண்டை முழுக்க அங்கேதான். தகப்பனின் குணம் என்றால் குடி, அடி. தாயின் குணம் என்றால் வேறு. அவள் யாரோடு போனில் பேசினாள், வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாள், எந்தச் சாதிக்காரனோடு சிநேகம். நல்ல மனைவியாக இல்லை என்பதாலேயே நல்ல தாயாக இல்லை என்றாகாது என்று பல தீர்ப்புகள் சொல்லிவிட்டன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை விஷயத்தில், தாயிடம் விடக்கூடாது என்பதை நிரூபிக்கும் பாரம் தகப்பனைச் சேர்ந்தது என்று 2015இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. வருமானம் குறைவு என்பதும் தாய்க்கு எதிரான காரணமாகாது, ஜீவனாம்சம் எதற்கு இருக்கிறது? சட்டப் புத்தகத்தில் எல்லாம் சரிதான். குறுக்கு விசாரணையில் கேட்கப்படும் கேள்விகளைப் புத்தகம் தடுத்துவிடுவதில்லை. 'பாட்டி தாத்தா உள்ள நல்ல குடும்பச் சூழல்' என்று ஒரு மனுவில் எழுதியிருந்தால், கலப்பு மணம் செய்த தம்பதியின் வழக்கில் அந்தச் சொற்களுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

'உனக்கு அப்பா புடிக்குமா, அம்மா புடிக்குமா?' நம் ஊரில் சொந்தக்காரர்கள் எல்லாக் குழந்தைகளிடமும் கேட்கிற கேள்வி. பொழுதுபோக்காகக் கேட்பது. நீதிபதி தன் அறையில் கூப்பிட்டு வைத்துக் கேட்கும்போது அதே கேள்விக்குக் கனம் வந்துவிடுகிறது. எத்தனை முறை கேட்பது, யார் உடன் இருப்பது, முந்தின ராத்திரி குழந்தை யார் வீட்டில் தூங்கியது என்பதைக் கணக்கில் எடுப்பதா என்பதற்கெல்லாம் 1890 சட்டத்தில் விதியில்லை. ஒரு நீதிபதி சாக்லேட் கொடுத்து அரைமணி நேரம் பேசுகிறார். இன்னொருவர் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்.

குழந்தை சொன்னதை என்ன செய்கிறார்கள் என்பதற்கு இரண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். 2008இல் வந்த வழக்கில் தாய் இறந்துவிட்டாள். வரதட்சணைச் சாவு வழக்கில் தகப்பன் குற்றஞ்சாட்டப்பட்டவர். பையன் தாயின் பெற்றோரிடம் வளர்கிறான், அங்கேயே இருக்கிறேன் என்கிறான். கீழ் நீதிமன்றங்கள் தகப்பனிடம் கொடுத்ததை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. பையனின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தது. 2017 வழக்கில் இரண்டு வயது நிரம்பும் முன்பே தாயிடமிருந்து பிரிந்து தகப்பனிடம் வளர்ந்த எட்டு வயதுப் பெண், தகப்பனிடமே இருக்கிறேன் என்கிறாள். இங்கே அவள் சொன்னது ஏற்கப்படவில்லை. தாயோடு வாழ்ந்தே பார்க்காத குழந்தையால் எப்படித் தேர்வு செய்ய முடியும் என்று கேட்டு, தாயிடம் அனுப்பியது நீதிமன்றம். இரண்டு முடிவுகளுமே எனக்கு நியாயமாகத்தான் படுகின்றன. சிக்கல் வேறு இடத்தில். எந்தச் சொல் குழந்தையின் 'சொந்த' விருப்பம், எது 'சொல்லிக்கொடுத்தது' என்று பிரிக்கும் கோடு தீர்ப்புக்கு முன்னால் இருக்கிறதா, தீர்ப்புக்குப் பிறகு வரையப்படுகிறதா? வளர்க்கிறவர் சாயல் படியாத விருப்பம் என்று ஒன்று குழந்தையிடம் மட்டும் அல்ல, நம்மிடமும் உண்டா என்ன?

2017 தீர்ப்பில் இன்னொரு சொல் நுழைந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் முன்வைத்த 'பெற்றோர் அந்நியமாதல் நோய்க்குறி': ஒரு பெற்றோர் மற்றவர் மீது குழந்தைக்கு வெறுப்பை ஊட்டுவது. அப்படி ஊட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நம் தெருவிலேயே பார்க்கலாம். ஆனால் அதை ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடு ஏற்கவில்லை. பெண்கள் மீதான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023இல், அடித்த தகப்பனைப் பற்றித் தாய் வாய் திறந்தாலே 'அந்நியப்படுத்துகிறாள்' என்று அவள் மீதே திருப்பப் பல நாடுகளில் இந்தச் சொல் பயன்படுகிறது என்று எழுதினார். எடுத்த எடுப்பில் யார் மீதும் இந்த முத்திரையைக் குத்தக்கூடாது, குறிப்பான நடத்தைகளைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று நம் உச்சநீதிமன்றமே 2024இல் எச்சரித்தது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தகப்பன் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் வழியாகத்தான் நவீன அரசு குடும்பத்துக்குள் நுழைகிறது, மருத்துவனையும் உளவியலாளனையும் கூட்டிக்கொண்டு நுழைகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் ழாக் தொன்ஸெலோ 1977இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. தொன்ஸெலோவிடம் எனக்கு ஒரு தகராறு உண்டு. அரசு நுழையாத குடும்பம் ஏதோ சுதந்திர பூமியாக இருந்தது போல அவருடைய தொனி. அடிபட்ட பெண்ணிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

இறுதித் தீர்ப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் ஒரு மயக்கம். பெரும்பாலான வழக்குகளில் முடிவைத் தீர்மானிப்பது இடைக்கால உத்தரவு. மனு போட்ட நாளில் குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இருக்கட்டும், மற்றவர் வாரம் ஒருமுறை பார்க்கட்டும் என்று ஓர் உத்தரவு வரும். வாய்தா மேல் வாய்தா. மூன்று வருஷம் கழித்து இறுதி விசாரணையில், 'பழகிய சூழலிலிருந்து குழந்தையைப் பிடுங்கக் கூடாது' என்று சொன்னால் அது உண்மையாகவே நலன்தான். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது நீதிமன்றத்தின் தாமதம் என்பது பதிவில் ஏறாது. அதனால்தான் வீட்டை விட்டு வெளியேறும் நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அத்தனை அடிதடி. அன்னா ஃபிராய்டும் இரண்டு அமெரிக்கர்களும் 1973இல் எழுதிய நூலில், குழந்தையின் காலக் கணக்கு பெரியவர்களுடையது அல்ல என்றார்கள். 'நலன்' என்று பெரிதாகச் சொல்லாதீர்கள், பிரிவு நடந்தபோதே கேடு நடந்துவிட்டது, இனி 'ஆகக்குறைந்த கேடு' எது என்று மட்டும் கேளுங்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது நேர்மையான சொல்லாகத் தோன்றுகிறது. (கஸ்டடி வைத்திருப்பவர் விரும்பினால்தான் மற்றவர் குழந்தையைப் பார்க்கலாம் என்று அவர்கள் போன எல்லைக்கு நான் வரவில்லை.)

தாமதம் மட்டுமல்ல, அவசரமும் கேடு செய்யும். தாயுடன் இருந்த பையனைத் தகப்பனிடம் கொடுக்கச் சொன்ன கேரள உயர்நீதிமன்ற ஆணையை 2024இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பையனின் மனநிலை மோசமானதைக் காட்டும் மருத்துவ அறிக்கைகளோடு தாய் மறுபரிசீலனை கேட்டார். 2025 ஜூலையில் நீதிமன்றம் தன் ஆணையைத் தானே மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொண்டதைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் அறிக்கை வரும் அளவுக்கு ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் கலங்க வேண்டியிருந்தது.

'விசிட்டேஷன்' என்பது காகிதத்தில் ஒரு வரி: மாதத்தில் முதல், மூன்றாம் சனி, காலை 10 முதல் மாலை 5 வரை. நடைமுறையில் நீதிமன்ற வளாகத்தில் ஓர் அறை, உடைந்த பொம்மைகள், சுவரோரம் இரு தரப்புச் சொந்தங்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் தகப்பன்; அதைச் சாப்பிட்டால் அம்மாவுக்குக் கோபம் வருமோ என்று பார்க்கிற குழந்தை. தீபாவளி உனக்கு, பொங்கல் எனக்கு. மே மாத விடுமுறையில் பாதிப்பாதி. சந்திப்பு உரிமையோடு தொடர்பு உரிமையும் உண்டு, தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது குழந்தையோடு பேச விட வேண்டும் என்று 2020இல் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு வீடியோ அழைப்பும் ஆணைகளில் ஏறிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு இது பெரிய விஷயம். பக்கத்து அறையில் யாராவது நின்றுகொண்டு 'இதைச் சொல்லு, அதைச் சொல்லாதே' என்பதை எந்த ஆணையாலும் தடுக்க முடியாது என்பது வேறு.

2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், குழந்தையைப் பார்க்க வரும் முன்னாள் துணையை விருந்தாளியாக நடத்த வேண்டும், 'அதிதி தேவோ பவ', சிற்றுண்டியும் சாப்பாடும் தர வேண்டும் என்று ஆணையிட்டார். குழந்தையின் எதிரில் சண்டை வேண்டாம் என்பது நோக்கம், அதில் குறையில்லை. ஆனால் சமையலறையில் நின்று டிபன் செய்ய வேண்டியது யார்? மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த நிபந்தனையை நீக்கியது. எனினும் 'நலன்' என்கிற பாத்திரத்தில் விவாகரத்துக்குப் பிறகும் இல்லறத்தை ஊற்ற முடியும் என்பதை அந்த ஆணை காட்டிவிட்டுப் போனது.

இப்போது 'பகிர்ந்த வளர்ப்பு' என்ற கோரிக்கை தகப்பன்மார் அமைப்புகளிடமிருந்து பலமாக எழுகிறது. சட்ட ஆணையத்தின் 2015 அறிக்கையும் கூட்டுக் கஸ்டடியை ஒரு வாய்ப்பாகச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. கொள்கையளவில் நாம் இதை எதிர்க்க வேண்டியதில்லை. தகப்பனும் குளிப்பாட்டட்டும், ஜுரத்துக்கு விழிக்கட்டும் என்று பெண்ணியம் கேட்டதுதானே. கேள்வி, பகிரப்படுவது நேரமா, அதிகாரமா, செலவா என்பது. ஜீவனாம்சத்தைக் குறைக்க நேரத்தைக் கேட்பவரும் உண்டு. உண்மையாகவே பிள்ளை முகம் பார்க்காமல் உருகுகிறவரும் உண்டு. இரண்டு பேரையும் ஒரே கோஷத்தின் கீழ் நிறுத்திப் பேசுவது அரசியலாகாது. அடி இருந்த வீட்டில் 'பகிர்வு' என்பது, குழந்தையை ஒப்படைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அவன் முன் போய் நிற்பது.

அப்படிப்பட்ட வழக்குகளில் உடன் போகிற தோழர்களுக்கு ஒன்று. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் மனு நிலுவையில் இருக்கும்போதே மாஜிஸ்திரேட் குழந்தையின் தற்காலிகக் கஸ்டடியைத் தாய்க்குத் தரலாம். தகப்பனின் சந்திப்பு குழந்தைக்குக் கேடு என்று கருதினால் அதை மறுக்கவும் வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை, பாதுகாப்பு ஆணையும் வீட்டு உரிமையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சந்திப்பு இருந்தே தீரும் என்றால், எங்கே ஒப்படைப்பது, யார் கொண்டுபோய் விடுவது, அரைமணி தாமதமானால் என்ன, பரீட்சை நாளில் என்ன, பெண்ணுக்கு வயதுக்கு வந்த பின் எப்படி என்பதையெல்லாம் ஆணையிலேயே எழுதி வாங்க வேண்டும். நீதிபதி குழந்தையோடு ஒருமுறைக்கு மேல் பேச வேண்டும் என்றும், இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு முறை வந்த பின் பேச வேண்டும் என்றும் மனுவில் கேட்கலாம். கேட்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.